கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல் காரில் சப்வூஃபர் இணைக்கும் முறை

கம்பெனியிலிருந்து வந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது ஒரு காலத்தில் சிறிய வேலையாக இருந்தது. இன்று அதே தொடுதிரையில்தான் ரிவர்ஸ் கேமராவின் படம் தெரிகிறது. ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்கள் அதனோடுதான் இணைக்கப்பட்டிருக்கின்றன. சில கார்களில் கதவுப் பூட்டு, விளக்கு ஆகியவற்றுக்கான அமைப்புகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, அதன் ஒலியில் குறைவாக இருக்கும் பகுதியை மட்டும் வெளியிலிருந்து சேர்த்துக்கொள்வதே பெரும்பாலான கார்களுக்குப் பொருத்தமான வழியாகும்.

குறைவாக இருப்பது பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியின் அடிப்பகுதி. கதவில் பொருத்தப்பட்டிருக்கும் 6.5 அங்குல ஸ்பீக்கருக்கு முறையான பெட்டி கிடையாது. கதவின் தகரமும் அதற்குள் இருக்கும் ஓட்டைகளும்தான் அதன் பெட்டி. விளம்பரத்தில் எந்த எண் அச்சிடப்பட்டிருந்தாலும், ஸ்டீரியோவின் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ச்சியாகத் தரக்கூடியது ஏறத்தாழ 15 முதல் 20 வாட் வரைதான். இதனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வேகமாகச் சரிந்துவிடுகிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், பாடலின் எவ்வளவு பகுதி நம் காதுக்கு வராமலே போகிறது என்பது விளங்கும். தவிலின் தொப்பிப் பக்கத்து அடி வெறும் தட்டலாகக் கேட்பதற்கும் இதுவே காரணம்.

கடைகளில் முதலில் காட்டப்படுவது, இந்தத் தாழ்ந்த ஒலிக்கென்றே செய்யப்பட்ட ஸ்பீக்கரான சப்வூஃபர். ஆனால் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சிக்னல் எங்கிருந்து எடுக்கப்படப் போகிறது? மின்சாரம் எந்த ஒயரில், எந்தப் பியூஸ் வழியாக வரப் போகிறது? இவ்விரண்டும் சரியாக அமைந்தால் நடுத்தர விலை சப்வூஃபரே நன்றாக ஒலிக்கும். இவை தவறினால் எவ்வளவு விலையுயர்ந்த பொருளும் இரையத்தான் செய்யும்; மோசமான நிலையில் தீப்பிடிக்கவும் கூடும். இந்தக் கட்டுரை மாருதி ஸ்விஃப்ட் அளவிலான ஒரு ஹேட்ச்பேக் காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. செடான், எஸ்யூவி ஆகியவற்றுக்கும் முறை இதுவே. ஒயரின் நீளமும் பெட்டியின் அளவும் மட்டும் மாறும்.

எவ்வளவு போதும்?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ உங்கள் ஊர் கார் அலங்காரக் கடையிலோ தொங்கும் பெட்டிகளில் 1,200 வாட், 1,500 வாட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். அது ஒரு கணம் மட்டுமே தாங்கக்கூடிய உச்ச அளவு. பெரும்பாலும் விற்பனைக்கான எண். நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்ற பெயரில் சிறிய எழுத்தில் இருக்கும் தொடர்ச்சியான திறன். ஹேட்ச்பேக் காருக்கு 150 முதல் 300 வாட் ஆர்எம்எஸ் தாராளமாகப் போதும்.

இதற்கு ஒரு இயற்பியல் காரணம் உண்டு. ஒலி அலையின் பாதி நீளம் காரின் உள்நீளத்தைவிட அதிகமாகும்போது, அந்த அலை அறைக்குள் பரவுவதற்குப் பதிலாகக் காருக்குள் இருக்கும் காற்று முழுவதையும் ஒரே சமயத்தில் அழுத்தித் தளர்த்துகிறது. உள்நீளம் 2.5 மீட்டர் என்றால் இது ஏறத்தாழ 69 ஹெர்ட்ஸில் தொடங்கி, அதற்குக் கீழே போகப் போக ஒலி தானாகவே வலுப்பெறுகிறது. சிறிய காரில் சிறிய சப்வூஃபரே வியப்பூட்டும் அளவுக்கு ஆழமாக ஒலிப்பது இதனால்தான். வீட்டுக் கூடத்தில் கிடைக்காத இந்த இலவச உதவியைக் கணக்கில் கொள்ளாமல், இரண்டு 12 அங்குல சப்வூஃபர்களை டிக்கியில் அடுக்குவது பணத்தையும் இடத்தையும் வீணாக்குவதாகும்.

அடுத்த முடிவு, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த சிறிய சப்வூஃபரா, தனிப் பெட்டியும் தனி ஆம்ப்ளிஃபயருமா என்பது. முதல் வகை முன் இருக்கைக்கு அடியில் நுழையும்படி தட்டையாகச் செய்யப்படுகிறது. சோனியின் எக்ஸ்எஸ்-ஏடபிள்யூ8, ஜேபிஎல்லின் பேஸ்புரோ எஸ்எல் ஆகிய 8 அங்குலக் கருவிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஸ்டெப்னி டயரின் குழிக்குள் உட்காரும் பேஸ்புரோ ஹப் போன்றவையும் உண்டு. டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருப்பவர்களுக்கும், வாரந்தோறும் ஊருக்கு மூட்டை ஏற்றிச் செல்பவர்களுக்கும் இவையே ஏற்றவை. ஆனால் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இவற்றிடம் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. மேலும், இருக்கைக்கு அடியில் வைப்பதற்கு முன் மூன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: பின் பயணிகளின் காலுக்கு வரும் ஏசி குழாய் அங்கே இருக்கிறதா, இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும்போது அதன் கம்பி கருவியில் இடிக்கிறதா, ஒயர்களை இணைக்கும் மஞ்சள் நிறக் கப்ளர்கள் அங்கே இருக்கின்றனவா என்பவை அவை. மஞ்சள் கப்ளர் என்றால் அது ஏர்பேக்குக்கோ சீட் பெல்ட்டுக்கோ உரியது. அதைக் கழற்றவும் கூடாது, அதன் ஒயரோடு வேறு எதையும் சேர்த்துக் கட்டவும் கூடாது. மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் பகுதியில் குடியிருப்பவர் தரையோடு தரையாக ஒரு ஆம்ப்ளிஃபயரை வைப்பது பற்றி இருமுறை யோசிப்பது நல்லது.

தனிப் பெட்டி வைப்பவருக்கு மூடிய பெட்டியையே நான் பரிந்துரைப்பேன். துளையுள்ள பெட்டி கூடுதல் சத்தம் தரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பெரிய அளவு தேவை, துளையின் நீளம் கணக்குப் பிசகாமல் இருக்க வேண்டும். அந்தத் துளை எந்த அலைவெண்ணுக்காக அமைக்கப்பட்டதோ அதற்கும் கீழே போனால் சப்வூஃபரின் கூம்பைத் தாங்கிப் பிடிக்கப் பெட்டியினுள் காற்று அழுத்தமே இருக்காது. மூடிய பெட்டியில் பிழை செய்வது கடினம். மேலே சொன்ன காரின் உதவி அதன் ஆழக் குறைவைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. 10 அங்குல சப்வூஃபருக்குப் பொதுவாக 18 முதல் 20 லிட்டரும், 12 அங்குலத்துக்கு 28 முதல் 35 லிட்டரும் உட்கொள்ளளவு தேவைப்படும். சரியான எண் சப்வூஃபரோடு வரும் தாளில் இருக்கும். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் உட்புறம் 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. உயரம், 17 செ.மீ. ஆழம் என்று செய்தால் 20.4 லிட்டர் கிடைக்கும். அதிலிருந்து சப்வூஃபரின் உடல் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டரை எடுத்துக்கொள்ளும். சப்வூஃபரின் பின்பக்கக் காந்தம் அந்த ஆழத்துக்குள் இடிக்காமல் அடங்குகிறதா என்பதைப் பலகையை வெட்டுவதற்கு முன்பே அளந்துகொள்ளவும். மூலைகள் அனைத்தையும் ஃபெவிகாலும் திருகும் கொண்டு பிணைத்து, உள்ளே சிலிக்கான் பூசிக் காற்று கசியாமல் அடைக்க வேண்டும். முடிந்த பெட்டி கனமாக இருக்கும். திடீரென்று பிரேக் போட்டால் அது முன்னால் பாயும் என்பதால், பட்டையோ எல் வடிவத் தகடோ கொண்டு டிக்கியின் உலோகத்தோடு அதை இறுக்கிவிட வேண்டும்.

சிக்னலை எங்கிருந்து எடுப்பது?

கம்பெனி ஸ்டீரியோக்களில் பெரும்பாலானவற்றில் சப்வூஃபருக்கென்று ஆர்சிஏ வெளியீடு (ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் தரும் துளை) இருப்பதில்லை. ஆகவே ஸ்பீக்கருக்குச் செல்லும் ஒயரிலிருந்தே சிக்னலைப் பிரித்தெடுக்க வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஸ்பீக்கர் ஒயரை நேரடியாக ஏற்கும் ஹை லெவல் உள்ளீடு கொண்ட ஆம்ப்ளிஃபயரை வாங்குவது முதல் வழி. அந்த வசதி இல்லாத ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் லைன் அவுட்புட் கன்வர்ட்டர் என்னும் சிறு கருவியைச் சேர்ப்பது இரண்டாவது வழி. அது ஸ்பீக்கர் ஒயரின் மின்னழுத்தத்தைக் குறைத்து ஆர்சிஏ கேபிளுக்கு ஏற்றதாக மாற்றித் தரும். புதிதாக வாங்குபவர் முதல் வழியையே தேர்ந்தெடுக்கலாம். ஒரு இணைப்பு குறைந்தால் இரைச்சல் நுழையும் வாசல் ஒன்று குறைகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். இன்றைய ஸ்டீரியோவிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செல்லும் இரண்டு ஒயர்களில் எதுவுமே எர்த் அல்ல. ஸ்டீரியோ இயங்கும்போது இரண்டிலும் எர்த்தோடு ஒப்பிட்டால் பேட்டரியின் பாதி, அதாவது சுமார் 6 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். ஒலி அதன் மேல் ஏறி வருகிறது. "மைனஸ்தானே" என்று நினைத்து ஒன்றைக் காரின் உலோக பாடியில் தொட்டால் ஸ்டீரியோவின் வெளியீட்டுப் பகுதி சேதமடையலாம். இடது, வலது ஸ்பீக்கர்களின் மைனஸ் ஒயர்களை ஒன்றாக முறுக்குவதும் அதே விளைவைத் தரும். நான்கு ஒயர்களும் நான்காகவே ஆம்ப்ளிஃபயர் வரை செல்ல வேண்டும். இடது, வலது இரண்டையுமே எடுப்பது அவசியம். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால், அந்தப் பக்கத்தில் பதிவாகாத வாத்தியம் சப்வூஃபரில் கேட்காது.

எடுக்கும் இடம் ஸ்டீரியோவின் பின்புறமாக இருப்பது சிறந்தது. உங்கள் காரின் கப்ளருக்குப் பொருந்தும் டி வடிவ ஹார்னஸ் (இரு முனையிலும் கப்ளர் கொண்ட ஒயர்த் தொகுப்பு) கிடைத்தால், கம்பெனி ஒயர் ஒன்றைக்கூட வெட்ட வேண்டியதில்லை. ஸ்டீரியோவுக்கும் அதன் கப்ளருக்கும் இடையில் ஹார்னஸைச் செருகினால் போதும். வாரண்டி மீதமுள்ள காருக்கு இதற்காகச் செலவிடும் பணம் நியாயமானது, ஏனெனில் வெட்டப்பட்ட ஒயரைக் காரணம் காட்டி மின் தொடர்பான வாரண்டியை மறுக்கும் வாய்ப்பைச் சர்வீஸ் சென்டருக்கு நாமே கொடுக்க வேண்டியதில்லை. ஹார்னஸ் கிடைக்காவிட்டால், கதவுக்குச் செல்லும் ஒயரை, ஏறும்போது கால் படும் அடிப்படி பிளாஸ்டிக்கின் அருகே கண்டறிந்து, தோலை மட்டும் ஓரங்குலம் உரித்து, புதிய ஒயரைச் சுற்றிச் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடவும். கிளிக் என்று அழுத்தி மாட்டும் நீல நிறக் கிளிப்புகள் விரைவான வேலைக்கு உதவலாம். மேடு பள்ளமான சாலையில் அவை நாளடைவில் தளரும்.

எந்த ஒயர் எந்த ஸ்பீக்கருக்கு உரியது என்று ஐயம் வந்தால் நிறத்தை நம்ப வேண்டாம். ஸ்டீரியோவின் கப்ளரைக் கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியைச் சந்தேகத்துக்குரிய இரு ஒயர்களில் ஒரு கணம் தொட்டால், உரிய ஸ்பீக்கரிலிருந்து "டப்" என்ற ஓசை வரும். கூம்பு வெளிப்பக்கமாக நகர்ந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயரே ஸ்பீக்கரின் பிளஸ். கப்ளர் மாட்டியிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

பலரும் கவனிக்காத இன்னொரு சிக்கல் உண்டு. கதவு ஸ்பீக்கர்களைக் காப்பாற்றுவதற்காகப் பல கம்பெனி ஸ்டீரியோக்கள், ஒலியளவு கூடக் கூடத் தாழ்ந்த அலைவெண்களைத் தாமாகவே வெட்டிக் குறைக்கின்றன. அந்த வெட்டுப்பட்ட சிக்னலைச் சப்வூஃபருக்குக் கொடுத்தால், மெதுவாக வைக்கும்போது நிறைவாக ஒலித்த பேஸ், சத்தத்தைக் கூட்டியதும் காணாமல் போய்விடும். இதைப் பொருளை வாங்குவதற்கு முன்பே சோதித்துவிடலாம். 50 ஹெர்ட்ஸ், 200 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு சோதனை ஒலிகளை ஒரே அளவில் பதிவு செய்து யுஎஸ்பியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பேஸ், டிரெபிள் அனைத்தையும் நடுநிலையில் வைத்து, ஒலிவிளைவுகளை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கர் ஒயரின் ஏசி வோல்ட்டை மல்டிமீட்டரில் பார்த்தபடி ஒலியளவைப் படிப்படியாகக் கூட்டுங்கள். இரண்டு ஒலிகளின் வோல்ட்டும் சேர்ந்தே உயர்ந்தால் கவலையில்லை. 200 ஹெர்ட்ஸ் ஏறிக்கொண்டே போக, 50 ஹெர்ட்ஸ் ஓரிடத்தில் நின்றுவிட்டால், உங்கள் ஸ்டீரியோ வெட்டுகிறது என்று பொருள். அப்போது ஆடியோகன்ட்ரோல் நிறுவனத்தின் எல்சி2ஐ போல, இழந்த பேஸை ஒலியளவுக்கு ஏற்ப ஈடுசெய்யும் கன்வர்ட்டரோ, ஒலியை டிஜிட்டல் முறையில் திருத்தும் டிஎஸ்பி கருவியோ தேவைப்படும்.

கிரெட்டா, செல்டோஸ் ஆகியவற்றின் போஸ், ஹாரியரின் ஜேபிஎல், எக்ஸ்யூவி700-இன் சோனி என்று பெயர் பெற்ற நிறுவனங்களின் சிஸ்டம் அமைந்த உயர் ரகக் கார்களில் நிலைமை வேறு. தனி ஆம்ப்ளிஃபயர் உள்ள இத்தகைய அமைப்புகளில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செல்லும் ஒலி முன்கூட்டியே பிரிக்கப்பட்டிருக்கக்கூடும். டிவீட்டருக்கான ஒயரைத் தட்டினால் அதில் பேஸே இருக்காது. கதவு வூஃபருக்கோ, ஏற்கெனவே உள்ள சப்வூஃபருக்கோ செல்லும் ஒயரை மேற்சொன்ன 50 ஹெர்ட்ஸ் சோதனையால் உறுதிசெய்த பிறகே எடுக்க வேண்டும். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் போன்ற சில கார்களில் ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒலி கண்ணாடியிழை வழியாகச் செல்கிறது. முதன்முறையாகக் கையில் ஸ்பேனர் எடுப்பவர் அவற்றைத் தவிர்த்துவிடுவது நல்லது.

மின்சாரம்

இந்தப் பகுதியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். கணக்கு எளிது. 300 வாட் தரும் கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபயரின் செயல்திறன் ஏறத்தாழ 80 சதவீதம் என்று கொண்டால், அது பேட்டரியிலிருந்து இழுப்பது 375 வாட், 13.8 வோல்ட்டில் அது 27 ஆம்பியர். இசையில் இந்த உச்சம் இடைவிடாது நீடிப்பதில்லை என்பதால், சிறிய காரின் ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் இதைத் தாங்கிக்கொள்ளும். ஒயரோ அந்த உச்சத்தைச் சூடேறாமல் தாங்கியாக வேண்டும்.

8 கேஜ் செப்பு ஒயரின் குறுக்குப் பரப்பு சுமார் 8.4 சதுர மில்லிமீட்டர். 5 மீட்டர் நீளத்தில் 30 ஆம்பியர் ஓடினால் அதில் இழக்கப்படுவது 0.3 வோல்ட்; இது ஏற்கத்தக்கது. ஆனால் மலிவான ஒயரிங் கிட்டுகளில் இருப்பது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். அதே கேஜில் அது அரை வோல்ட் வரை இழக்கும், இணைப்பு முனைகளில் எளிதில் சூடேறும். சந்தேகம் இருந்தால் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம். வெளியே வெள்ளீயம் பூசி, உள்ளே சிவப்பாக இருப்பது நல்ல செம்புதான். அலுமினிய ஒயர்தான் கிடைத்தது என்றால் அடுத்த தடிமனான கேஜுக்குப் போய்விடுங்கள். தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் மெலிந்த உலோகத்தை வைத்து விற்கும் ஒயர்களும் சந்தையில் உண்டு, எனவே முனையை வெட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

வேலையைத் தொடங்குமுன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பிறகு பிளஸ் ஒயரை இழுக்கலாம். பேட்டரியிலிருந்து 45 செ.மீ. தூரத்துக்குள் மெயின் பியூஸ் இருந்தே ஆக வேண்டும். இந்தப் பியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்காக அல்ல. அதற்கெனத் தனிப் பியூஸ் அதிலேயே இருக்கிறது. இது ஒயரைக் காப்பதற்காக. பானெட்டிலிருந்து டிக்கி வரை செல்லும் ஒயர் வழியில் எங்காவது உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டால், பியூஸ் இல்லாத நிலையில் பேட்டரியின் முழு மின்னோட்டமும் அந்த இடத்தில் பாயும். ஒயரின் தோலும் தரைவிரிப்பும் எரியத் தொடங்கும். டிக்கியில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் பியூஸை வைப்பவர்களை இன்றும் காண முடிகிறது. அங்கே வைத்த பியூஸ் இந்த விபத்தைத் தடுக்காது. 8 கேஜ் செம்புக்கு 40 அல்லது 50 ஆம்பியர் பியூஸ் சரியானது. பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதைப் பெரிதாக்குவது தீர்வல்ல.

எஞ்சின் பகுதியிலிருந்து உள்ளே வர, கம்பெனி ஒயர்கள் நுழையும் ரப்பர் கிராமெட்டையே பயன்படுத்துங்கள். புதிதாகத் துளையிட நேர்ந்தால் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு துளைத்து, கூரான தகர விளிம்பு ஒயரை அறுக்காதபடி கிராமெட் பொருத்தவும். உள்ளே வந்த ஒயர் மிதிகளுக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் அருகே போகாமல், கதவின் அடிப்படி பிளாஸ்டிக்குக்குள் ஒளிந்து பின்புறம் செல்ல வேண்டும். சிக்னல் ஒயர்களைக் காரின் மறுபக்கம் வழியாகக் கொண்டு செல்லுங்கள். இரண்டும் ஒரே தடத்தில் நீண்ட தூரம் இணையாகச் சென்றால், எஞ்சின் வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும் மெல்லிய ஊளை ஒலி ஸ்பீக்கரில் நுழையக்கூடும்.

எர்த் ஒயர் பிளஸ் ஒயரின் அதே தடிமனிலும், முடிந்தவரை அரை மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். பாடியில் பொருத்தும் இடத்தில் பெயின்ட்டை உலோகம் மின்னும்வரை சுரண்டி, ஒயர் முனையில் வட்ட லக் (உலோக வளையம்) வைத்துப் போல்ட்டால் இறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே சிறிது கிரீஸ் தடவுங்கள். ஊளை ஒலி, தானாக அணைதல், ஆம்ப்ளிஃபயர் சூடாதல் என்று பின்னால் வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு போல்ட்டில்தான் போய் முடிகிறது. சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஹேட்ச்பேக் கார்களில் பெட்ரோல் டேங்க் பொதுவாகப் பின் இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது என்பதால், அந்தப் பகுதியின் தரையில் துளையிடவோ நீளமான திருகை இறக்கவோ கூடாது.

மூன்றாவது ஒயர், ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் ரிமோட் ஒயர். ஹை லெவல் உள்ளீடு கொண்ட பல ஆம்ப்ளிஃபயர்கள், முன்பு சொன்ன அந்த 6 வோல்ட்டை ஸ்பீக்கர் ஒயரில் உணர்ந்து தாமாகவே இயங்கத் தொடங்கும். அவற்றுக்கு ரிமோட் ஒயர் தேவையில்லை. அந்த வசதி இல்லாதவற்றுக்கு, சாவியை ஏசிசி நிலையில் (எஞ்சின் ஓடாமல் ஸ்டீரியோ இயங்கும் நிலை) வைக்கும்போது மட்டும் மின்சாரம் வரும் பியூஸ் ஒன்றிலிருந்து, பியூஸ் இடத்தில் செருகி ஒயரைப் பிரிக்க உதவும் பியூஸ் டேப் வைத்து எடுக்கலாம். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கட்டுப்பாடு ஆகியவற்றின் பியூஸ்களைத் தொட வேண்டாம். பவர் சாக்கெட்டின் பியூஸ் பாதுகாப்பான தேர்வு, அது சாவியை எடுத்ததும் அணைகிறது என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சப்வூஃபரில் கூம்பை அசைக்கும் வாய்ஸ் காயில்கள் (கம்பிச் சுருள்கள்) இரண்டு இருந்தால் அவற்றை இணைக்கும் முறையால் மின்தடை மாறும். இரண்டும் 4 ஓம் என்றால் பக்க இணைப்பில் 2 ஓம், தொடர் இணைப்பில் 8 ஓம். இரண்டும் 2 ஓம் என்றால் முறையே 1 ஓம், 4 ஓம். உங்கள் ஆம்ப்ளிஃபயர் எத்தனை ஓம் வரை தாங்கும் என்பதைப் பார்த்த பின்பே சப்வூஃபரை வாங்க வேண்டும். எல்லா இணைப்புகளையும் இன்னொரு முறை சரிபார்த்து, பேட்டரியின் மைனஸை மாட்டி, கடைசியாக மெயின் பியூஸைச் செருகுங்கள். கடிகாரமும் சில கார்களில் பவர் விண்டோவின் தானியங்கி ஏற்றமும் மீண்டும் அமைக்க வேண்டியிருக்கலாம்.

அளவமைத்தல்

ஆம்ப்ளிஃபயரில் உள்ள கெயின் என்பது ஒலியளவைக் கூட்டும் திருகு அல்ல. ஸ்டீரியோ தரும் சிக்னலை ஆம்ப்ளிஃபயரின் திறனோடு பொருத்துவதற்கானது. அதை முழுதும் திருப்பி வைத்தால், ஆம்ப்ளிஃபயர் தன்னால் தர முடியாததைத் தர முயன்று அலையின் தலையை வெட்டிவிடுகிறது. சப்வூஃபர்கள் கருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதலில், குறித்த அலைவெண்ணுக்கு மேலான ஒலியைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேஸ் பூஸ்ட் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். அது எப்போதுமே அங்கேயே இருப்பது நல்லது. சப்வூஃபரின் ஒயரைக் கழற்றிவிட்டு, கெயினை முழுதும் குறைத்து, ஸ்டீரியோவை அதன் உச்ச ஒலியளவில் முக்கால் பங்கில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கெயினை மெல்லக் கூட்டுங்கள். நிறுத்த வேண்டிய வோல்ட்டைக் கண்டறிய, வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். 300 வாட், 4 ஓம் என்றால் 1,200-இன் வர்க்கமூலம், அதாவது 34.6 வோல்ட், 300 வாட், 2 ஓம் என்றால் 24.5 வோல்ட். சப்வூஃபரின் ஆர்எம்எஸ் திறன் ஆம்ப்ளிஃபயருடையதைவிடக் குறைவாக இருந்தால், அந்தச் சிறிய எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள். கிடைத்த அந்த அளவு மேல் எல்லை. அதைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. பாடலை வைத்துக் கேட்டால், பேஸ் தனியாக டிக்கியிலிருந்து வருவதுபோல் தோன்றாமல் முன்னால் பாடும் குரலோடு சேர்ந்து ஒலிக்கும் இடம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும்.

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து 80 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்து, உதவிக்கு ஒருவரை, ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 0-க்கும் 180-க்கும் மாற்றச் சொல்லுங்கள். எந்த நிலையில் ஒலி கூடுதலாகக் கேட்கிறதோ அதுவே சரியானது. மற்ற நிலையில் கதவு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒன்றையொன்று தள்ளி அழித்துக்கொள்கின்றன. பலர் இதைச் செய்யாமலே, பேஸ் போதவில்லை என்று கெயினைத் திருகுகிறார்கள்.

சப்வூஃபர் வந்த பிறகும் கதவு ஸ்பீக்கர்கள் பழையபடி தாழ்ந்த ஒலியைத் தர முயன்று திணறிக்கொண்டுதான் இருக்கும். ஸ்டீரியோவில் பேஸை இரண்டு படி குறைத்து, அந்த இழப்பைச் சப்வூஃபரின் கெயினில் மேல் எல்லைக்குள் ஈடுகட்டுவது செலவில்லாத வழி. இன்னும் தெளிவு வேண்டுமென்றால், 4 ஓம் கதவு ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் பிளஸ் ஒயரிலும் 470 மைக்ரோஃபாரட் நான்போலார் (பிளஸ், மைனஸ் பேதமில்லாத) கெப்பாசிட்டரைத் தொடராக இணைக்கலாம். சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் எளிதில் கிடைக்கக்கூடிய பொருள்தான். அது ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஸ்பீக்கரின் சுமையைக் குறைத்துவிடும். சப்வூஃபருக்குச் சிக்னல் எடுத்த இடத்துக்கு அப்பால், ஸ்பீக்கரை ஒட்டி அதைப் பொருத்த வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பேஸ் வந்ததும் அதுவரை அமைதியாக இருந்த தகடுகளெல்லாம் அதிரத் தொடங்கும். முதல் குற்றவாளி பின் நம்பர் பிளேட். அதன் பின்னால் ஃபோம் டேப் ஒட்டினால் அடங்கிவிடும். அடுத்தது பார்சல் டிரே. டிக்கிக் கதவின் உள்தகட்டில் பியூட்டைல் அதிர்வுத் தடுப்பு விரிப்பு ஒட்டுவதும் பலன் தரும்.

கடைசியாக இரண்டு வேலைகள் இருக்கின்றன. காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, பேட்டரியின் மைனஸ் முனையில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, கார் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் ஆம்ப்ளிஃபயர் முறையாக உறங்குகிறது. அதற்கு மேல் போனால் ரிமோட் இணைப்பை மறுபடி பார்க்க வேண்டும், இல்லையேல் இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்த கார் ஸ்டார்ட் ஆகாமல் போகக்கூடும். மற்றொன்று இன்சூரன்ஸ். கம்பெனி விலையில் சேராத மின் உபகரணங்களுக்கு ஐஎம்டி 24 என்னும் தனிச் சேர்ப்பு இந்திய வாகனக் காப்பீட்டில் உண்டு. பில்லைக் காட்டி அதில் பதிவு செய்துகொண்டால், திருட்டிலோ விபத்திலோ இந்தப் பொருள்களுக்கும் இழப்பீடு கோர முடியும். பில் இல்லாமல் வாங்கிய பொருளுக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.